மருத்துவ விஞ்ஞானி எல்லாப்பிரகடா சுப்பாராவ்

கல்லூரியொன்றின் விழா மலர் வெளிவருங்கால், பட்டம் பெற்றோரையும் பதவி பெற்றோரையும் பரிசு பெற்றோரையும் அதன் பக்கங்களிலே போற்றுதல் மரபு. அவ்வரிசை நீளுந்தோறும் கல்லூரியின் புகழும் நீளுமெனக் கொள்ளுகிறோம். அம்மரபு நன்றே. ஆயினும், பரீட்சையில் இருமுறை தவறியவரும், கற்ற துறையில் முழுப் பட்டம் மறுக்கப்பெற்றவரும், அரச பதவி வேண்டிக் கிடையாது திரும்பியவரும், உலகப் பெரும் பரிசு எதனையும் பெறாதவருமாகிய ஒருவரின் வரலாற்றை இம்மலரில் எழுத நாம் துணிந்துள்ளோம். அன்னார் எல்லாப்பிரகடா சுப்பாராவ் என்பார்.

அவர் நம் கல்லூரியிற் பயின்றவரல்லர், ஈழநாட்டவருமல்லர். ஆயினும் இந்து என்னும் பெயரைத் தாங்கிய ஒரு பாடசாலையே அவர் இடறி விழுந்த காலத்து அவரைத் தாங்கி எழுப்பியது. அவ்வுறவொன்றே அவரை நம் மலருக்கு உரியவராக்கப் போதுமானது. நாமோ தமிழாசிரியர், விஞ்ஞானம் முறையாகக் கற்றவரல்லேம். எனவே, இங்கு வரும் விஞ்ஞானச் செய்திகளை, எமக்கு விளங்கிய வகையிலே, எம்மைப் போன்றார்க்கும் விளங்குமாறு கூற முயல்வோம்.

இளமை

சுப்பாராவ் 1895 ஆம் ஆண்டு சனவரி மாதம் 12 ஆம் நாள், அக்காலச் சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரம் என்னும் ஊரிலே, தெலுங்கு பேசும் குடும்பமொன்றிற் பிறந்தார். தந்தையார் ஜகன்னாதம், தாயார் வேங்கம்மா. தந்தையார் நோயினால் உத்தியோகத்தை இழக்க, வறுமை வீட்டினுட் புகுந்தது. சிறுவர் சுப்பாராவுக்குப் படிப்பிலே நாட்டமில்லை. பொருளீட்டும் எண்ணத்தோடு வீட்டை விட்டோடிக் காசிக்குச் சென்று, யாத்திரிகருக்கு வாழைப்பழம் விற்கக் கருதினார் என்றும், தாயார் இடைவழியிலே தடுத்து மீட்டுவந்தார் என்றும் அவர் வரலாறு எழுதினோர் கூறுவர். தாயார் தம் நகைகளை விற்று மகனைப் படிப்பித்தார். மகனோ இராசமுந்திரியில் மெற்றிக்குலேசன் பரீட்சை எழுதித் தவறினார். மீண்டும் எழுதி மீண்டும் தவறினார்.

இதனிடையே வீட்டிலே மரணங்கள் நேர்ந்தன. தந்தையார் மறைந்தார். பின்னர் உடன்பிறந்தார் இருவர் சில நாள் இடைவெளியில் ஒருவர்பின் ஒருவராக இறந்தனர். அவருள் ஒருவரைக் கொன்றது ஸ்புரு என்னும் வெப்பமண்டலக் கழிச்சல் நோய். உண்ட உணவின் சத்து உடலிற் சேராது, குருதி வற்றி, மெய் உருகி, நோயாளி நாளடைவிற் சாகும் கொடிய பிணி அது. அக்காலத்தில் அதற்கு மருந்து அறிந்தார் எவருமிலர். அந்நோயின் பெயரை வாசகர் நினைவில் வைத்திருத்தல் வேண்டும். இவ்வரலாற்றின் இறுதியில் அது மீண்டும் வரும்.

சென்னை வாழ்வு

மூன்றாம் முறை பரீட்சை எழுதுதற்குச் சுப்பாராவ் சென்னைக்கு வந்தார். திருவல்லிக்கேணி இந்து உயர்தரப் பாடசாலை அவரை ஏற்றுக்கொண்டது. பின்னாளில், 1922 முதல் 1925 வரை, வானியற் பேரறிஞர் சந்திரசேகரும் அங்கே கற்றார். சந்திரசேகரை ஏற்றுக்கொண்டதிற் பாடசாலைக்கு யாதொரு துணிவும் வேண்டியிருந்ததில்லை. அவரது திறமை இளமையிலேயே விளங்கிற்று. இருமுறை தவறி, துயரும் வறுமையும் சுமந்து வந்த ஓர் இளைஞனுக்கு இடங்கொடுத்ததே அப்பாடசாலை செய்த பெருந்தொண்டென நாம் கருதுகிறோம். அங்கிருந்து எழுதிய மூன்றாம் பரீட்சையில் அவர் தேறினார். பின்னர் மாநிலக் கல்லூரியிலே இடைநிலைப் படிப்பை முடித்தார்.

இளமைக்கால இழப்புகள் அவர் மனத்தைத் துறவின்பாற் செலுத்தின. இராமகிருஷ்ண இயக்கத்திற் சேர்ந்து துறவியாக விழைந்தார். தாயார் இசையவில்லை. தாயின் அனுமதியின்றி அவரைச் சேர்த்துக்கொள்ள மடத்தாரும் உடன்படவில்லை. நோயுற்றார்க்குத் தொண்டு செய்யும் மருத்துவக் கல்வியை நாடுமாறு வழிப்படுத்தினர் என்பர்.

மட்டக்களப்பு மக்களாகிய நமக்கு இச்செய்தி மற்றொருவரை நினைவூட்டும். காரைதீவிலே 1892 ஆம் ஆண்டிற் பிறந்த மயில்வாகனனார் விஞ்ஞானம் கற்றுப் பட்டம் பெற்று, பாடசாலை அதிபராய் விளங்கி, 1922 ஆம் ஆண்டு சென்னை இராமகிருஷ்ண மடத்தை அடைந்து, சுவாமி விபுலாநந்தராகித் திரும்பினார். விஞ்ஞானி ஒருவர் துறவியாகி நமக்குக் கல்விக்கூடங்களை அளித்தார். துறவை நாடிய மற்றொருவர் விஞ்ஞானியாகி உலகுக்கு மருந்துகளை அளித்தார். 1947 சூலையில் விபுலாநந்தரும், 1948 ஆகஸ்டிற் சுப்பாராவும் மறைந்தனர். ஒரே காலத்து இருவர். வழிகள் இரண்டாயினும் தொண்டு ஒன்றே.

சுப்பாராவ் சென்னை மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்தார். செலவுக்கு நண்பரும், பின்னர் அவர்தம் மாமனாராகிய கஸ்தூரி சூரியநாராயண மூர்த்தியும் உதவினர். அது காந்தியடிகளின் ஒத்துழையாமைக் காலம். சுப்பாராவ் கதராடை உடுத்தார். சத்திரசிகிச்சைக் கூடத்திலும் கதர் அங்கியே அணிந்தார். ஆங்கிலேயராகிய பேராசிரியர் சினந்தார். எழுத்துப் பரீட்சைகளிற் சுப்பாராவ் நன்றாகச் செய்திருந்தும், எம்.பி.பி.எஸ். என்னும் முழுப் பட்டம் அவருக்குக் கிட்டவில்லை. அதனிற் தாழ்ந்த எல்.எம்.எஸ். தராதரமே கிடைத்தது. அரசாங்க மருத்துவ சேவையிற் சேர முயன்றார், அதுவும் கைகூடவில்லை. டாக்டர் லட்சுமிபதி நடாத்திய ஆயுள்வேதக் கல்லூரியில் உடற்கூற்றியல் விரிவுரையாளராக அமர்ந்தார். நம் பழைய மருந்துகளைப் புதிய விஞ்ஞான முறையால் ஆராய வேண்டுமென்னும் வேட்கை அங்கே அவருள் முளைத்தது. அவ்வேட்கையே அவரைக் கடல் கடக்கச் செய்தது. காக்கிநாடாவிலுள்ள மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் தருமநிதியாரின் உதவி வாக்கும், மாமனார் திரட்டிய பொருளும் துணையாக, 1920களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரை அடைந்தார். இளம் மனைவி சேஷகிரி ஊரிலே காத்திருந்தார். சென்றவர் ஒருமுறையேனும் திரும்பி வரவில்லை.

பொஸ்ரன் நகரில்

ஹாவாட் பல்கலைக்கழகத்தில் வெப்பமண்டல மருத்துவம் பயின்ற காலத்து, மருத்துவமனையொன்றில் இரவுப் பணியாளராக நோயாளரின் மலசலக் கலங்களைக் கழுவி அவர் உணவுக்கு வழி தேடினார். மருத்துவராகத் தகுதி பெற்றிருந்தும் அவ்வேலையை இழிவெனக் கருதினாரில்லை. பின்னர் உயிரிரசாயனப் பகுதியிலே சைரஸ் பிஸ்க் என்னும் பேராசிரியரிடம் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தார்.

பிஸ்க் அவருக்கு முதலில் அளித்த வேலை, குருதியிலும் சிறுநீரிலுமுள்ள பொசுபரசின் அளவைத் துல்லியமாகக் காணும் முறையொன்றை வகுப்பது. சுப்பாராவ் வகுத்த முறை எளிது. பொசுபேற்று இருக்கும் திரவத்தோடு உரிய பொருள்களைச் சேர்க்க, அது நீலநிறம் கொள்ளும். நீலம் அடரும் அளவே பொசுபரசின் அளவு. 1925 ஆம் ஆண்டில் வெளியான இம்முறை பிஸ்க் சுப்பாராவ் முறையென்றே உலகெங்கும் வழங்கலாயிற்று. உயிரிரசாயனம் கற்ற மாணாக்கர் பல தலைமுறையினர் அந்நீல நிறத்தைத் தம் குழாய்களிற் கண்டுள்ளனர்.

நுண்ணிய அளவுகோல் கையில் வந்த பின், முன்பு கண்ணிற் படாதன யாவும் படத் தொடங்கின. தசையினுள்ளே கிரியற்றீனோடு பொசுபேற்று சேர்ந்த ஒரு பொருள் மறைந்திருப்பதை இருவரும் 1927 இல் வெளியிட்டனர். தசை சுருங்குதற்கு வேண்டிய ஆற்றல் இலற்றிக்கமிலத்தினின்றே பிறப்பதென்னும் கொள்கை அந்நாளில் நிலவியது; அத்துறை அறிஞராகிய ஹில், மேயர்ஹோவ் ஆகிய இருவருக்கும் 1922 ஆம் ஆண்டின் நோபல் பரிசும் வழங்கப்பட்டிருந்தது. அக்கொள்கை ஆட்டங்கண்டது. 1929 ஆம் ஆண்டில் அதனினும் பெரிய பொருளொன்று கிடைத்தது. அடினோசின் மூபொசுபேற்று என்பது அதன் பெயர், சுருக்கமாக ஏ.ரீ.பி. என்பர். அதே ஆண்டில் சேர்மன் நாட்டிலே லோமன் என்பாரும் தனித்து அதனைக் கண்டார். சுப்பாராவ் 1930 இற் கலாநிதிப் பட்டம் பெற்றார்.

தோணியும் கூலியும்

இந்த ஏ.ரீ.பி. உயிருக்குச் செய்வது யாது? நம் நாட்டிலே பண்டத்துக்குப் பண்டம் மாற்றிய காலம் போய்க் காசு வழங்கும் காலம் வந்தமை போல, உயிருள்ள கலம் ஒவ்வொன்றினுள்ளும் வழங்கும் காசு இப்பொருளே. உண்ட சோறும் மீனும் எரிந்து பிறக்கும் ஆற்றல் இதன் மூன்று பொசுபேற்றுகளின் பிணைப்பிலே சேமிக்கப்படும். பிணைப்பு அவிழும்போது ஆற்றல் செலவாகும். ஓர் ஆள் ஒரு நாளிலே ஆக்கி அழித்து மீண்டும் ஆக்கும் ஏ.ரீ.பி.யின் நிறை ஏறத்தாழ அவர்தம் உடல் நிறைக்கு ஒப்பாகுமெனக் கணித்துள்ளனர்.

அக்காசு செலவாகும் இடங்களுள் ஒன்றை மட்டும் சற்று விரித்துரைப்போம். தமிழ் கற்பிக்கும் எமக்கு அது மிக உவப்பான இடம்.

நம் தசையும் குருதியும் புரதங்களால் ஆயவை. புரதமென்பது அமினோ அமிலங்களாகிய மணிகள் கோத்த மாலை. மணிகள் 20 வகை. குருதிக்குச் செந்நிறமூட்டும் ஈமோகுளோபினில் 574 மணிகள் உள. எம்மணிக்குப் பின் எம்மணி வரவேண்டுமென்னும் கட்டளை, கலத்தின் கருவிலே எழுதப்பட்டிருக்கிறது. அதன் பிரதியைத் தூது ஆர்.என்.ஏ. என்னும் பொருள், மாலை கோக்கும் களமாகிய இரைபோசோமுக்குக் கொண்டு செல்லும். இங்கே ஓர் இடர்ப்பாடு தோன்றுகிறது. கட்டளை எழுதிய மொழி ஒன்று. மணிகளின் மொழி வேறொன்று. கட்டளை மொழியில் எழுத்து நான்கே. மும்மூன்று எழுத்தாற் சொற்கள் அமையும். அமினோ அமிலமோ அச்சொல்லை வாசிக்க அறியாது.

நம் வாவியின் படுவான்கரையில் நிற்பார் எழுவான்கரைக்கு வரவேண்டின் இடையிலே தோணி வேண்டும். மண்முனைத் துறையில் 2014 ஆம் ஆண்டு பாலம் திறக்கப்படுமுன் பாதையிலேறி வாவி கடந்தோர் இதனை நன்கறிவர். கலத்தினுள்ளே அத்தோணியாக உதவுவது இடமாற்று ஆர்.என்.ஏ. என்னும் மூலக்கூறு. அதன் ஒரு முனை கட்டளையின் மூன்றெழுத்துச் சொல்லை வாசித்து அறியும். மறு முனை உரிய அமினோ அமிலத்தைச் சுமக்கும். ஆயின் எவரை ஏற்றுவதெனத் தோணிக்குத் தெரியுமோ? தெரியாது. உரிய தோணியில் உரிய ஆளை ஏற்றுவது ஒரு நொதியம். அமினோஅசைல் இடமாற்று ஆர்.என்.ஏ. இணைப்பி என்பது அதன் முழுப் பெயர். நாம் ஏற்றுநொதியம் என்போம். இருபது வகை அமிலத்துக்கும் பெரும்பாலும் வகைக்கொன்றாக இந்நொதியங்கள் உள. அமினோ அமிலத்தையும் இடமாற்று ஆர்.என்.ஏ.யையும் ஒருசேர அறிந்து இணைப்பது அதுவே. இரு மொழி வல்ல மொழிபெயர்ப்பாளர் கலத்தினுள்ளே உண்டாயின், அவர் இந்நொதியமே.

கூலியின்றித் தோணி ஏறலாகாது. ஏற்றுநொதியம் ஒவ்வோர் அமினோ அமிலத்தை ஏற்றுதற்கும் ஓர் ஏ.ரீ.பி.யைச் செலவிடுகிறது. முதலில் அமிலத்தை ஏ.ரீ.பி.யோடு பொருத்தும். அப்பொழுது மூன்று பொசுபேற்றுகளுள் இரண்டு இணைந்தபடியே கழன்று போகும். எஞ்சிய பகுதி அமிலத்தைப் பற்றிக்கொண்டு அதற்கு வலுவூட்டும். அடுத்து, வலுவூட்டப்பெற்ற அமிலம் இடமாற்று ஆர்.என்.ஏ.யின் நுனியிலே சேர்க்கப்படும். கழன்றுபோன இரட்டைப் பொசுபேற்றை வேறொரு நொதியம் உடனே பிளந்துவிடுதலால், நடந்த வினை பின்னோக்கித் திரும்புவதில்லை. ஓர் ஈமோகுளோபினுக்கு இவ்வாறு 574 முறை ஏற்றுகூலி கொடுக்கப்படுகிறது.

ஏற்றுநொதியத்தின் மற்றொரு தொழில் இன்னும் வியப்பானது. வலி, வளி, வழி என்னும் மூன்று சொற்களையும் மாணவர் மயங்கி எழுதுதலைத் தமிழாசிரியர் நாடோறும் காண்கிறோம். அமினோ அமிலங்களுள்ளும் அத்தகைய மயங்கொலிகள் உண்டு. ஐசோலியூசின், வலீன் என்னும் இரண்டும் உருவில் மிக நெருங்கியவை. ஐசோலியூசினுக்குரிய நொதியம் சிலவேளை மயங்கி வலீனைப் பற்றிவிடும். ஆயின், பற்றியதை மீண்டும் சோதித்து, பிழையெனக் கண்டால் வெட்டி எறிந்து, வேறொரு ஏ.ரீ.பி.யைச் செலவிட்டு மறுபடியும் முயலும். பிழை திருத்துதற்கும் கூலி உண்டு. அக்கூலிக்கு உயிர் அஞ்சுவதில்லை.

அஞ்சாமைக்குக் காரணமும் உண்டு. தோணி புறப்பட்ட பின் ஏறியிருப்பவர் யாரென இரைபோசோம் கேட்பதில்லை. 1962 இல் அமெரிக்க விஞ்ஞானியர் சிலர் இதனைச் சோதித்தனர். சிஸ்ரீன் என்னும் அமிலத்தை அதற்குரிய இடமாற்று ஆர்.என்.ஏ.யில் ஏற்றுவித்து, ஏறிய பின் இரசாயன முறையால் அதனை அலனீன் என்னும் வேறோர் அமிலமாக மாற்றினர். இரைபோசோம் சிஸ்ரீன் வரவேண்டிய இடத்திலே அலனீனைக் கோத்தது. தோணியைப் பார்த்ததேயன்றி ஆளைப் பார்க்கவில்லை. எனவே, உரியதை உரியதோடு சேர்க்கும் பொறுப்பு முதலில் ஏற்றுபவர்மேலேயே தங்கியுள்ளது.

அமினோ அமிலங்கள் ஏ.ரீ.பி.யால் வலுவூட்டப்படுதலையும், இடமாற்று ஆர்.என்.ஏ.யையும், 1950களில் ஹோக்லண்ட், சமெக்னிக் முதலியோர் கண்டறிந்தனர். கண்ட இடமும் பொஸ்ரன் நகரே. சுப்பாராவ் அந்நகரிலே ஏ.ரீ.பி.யைக் கண்டு முப்பதாண்டு நிறையுமுன், அக்காசு எங்கே செலவாகின்றதென்பதை அந்நகரத்தாரே கண்டனர். அதனைக் கேட்டு மகிழ அவர் உயிரோடில்லை.

மறுப்பும் மாற்றமும்

ஹாவாடில் அத்துணை அரும்பணி செய்தும் நிரந்தரப் பதவி அவருக்கு வழங்கப்படவில்லை. அவர் பிரித்தெடுத்த பொருள்கள் சில வெளியுலகுக்குத் தெரியாமற் கிடந்து, பிற்காலத்தில் வேறு விஞ்ஞானியரால் மீண்டும் கண்டுபிடிக்கப்பட வேண்டியனவாயின என்று, அவரோடு அங்கே பணிபுரிந்தவரும் 1988 இல் நோபல் பரிசு பெற்றவருமாகிய ஹிட்சிங்ஸ் வருந்திக் கூறியதுண்டு. சுப்பாராவ் வழக்காடவில்லை, பத்திரிகைகளுக்கு எழுதவுமில்லை. 1940 ஆம் ஆண்டில் நியூ யோர்க் மாநிலத்துப் பேர்ள் ரிவர் என்னும் ஊரிலுள்ள லெடர்லி ஆய்வுகூடத்தை அடைந்தார். விரைவில் அதன் ஆராய்ச்சிப் பகுதித் தலைவரானார்.

அடுத்த எட்டாண்டுகளில் அவர் தலைமையில் நிகழ்ந்தவை பல மருத்துவர்தம் வாழ்நாட் பணிக்கு ஒப்பாவன. அவற்றை வரிசைப்படக் கூறுவோம்.

முதலாவது போலிக்கமிலம். கருவுற்ற ஏழைப் பெண்களுக்கு உண்டாகும் ஒருவகைக் குருதிச் சோகையை மதுவம் தீர்க்குமென்பதை லூசி வில்ஸ் என்னும் அம்மையார் பம்பாயிலே முன்னரே கண்டிருந்தார். மதுவத்திலும் ஈரலிலும் உள்ள அம்மருந்துப்பொருள் யாதெனத் தெளிந்து, அதனை ஆய்வுகூடத்தில் ஆக்கும் வழியைச் சுப்பாராவின் குழுவினர் 1945 இல் வெளியிட்டனர். இன்று நம்மூர்க் கர்ப்பிணித் தாய்மாருக்கு மருத்துவ நிலையங்களிற் கொடுக்கப்படும் போலிக்கமில வில்லையின் பின்னே இவ்வரலாறு உண்டு. இடமாற்று ஆர்.என்.ஏ.யின் கதையோடும் இதற்குத் தொடர்புண்டு. பற்றீரியாக்கள் புரத மாலையின் முதல் மணியை இடமாற்று ஆர்.என்.ஏ.யில் ஏற்றிய பின், அம்மணிக்கு ஒரு முத்திரை பதிக்கும். அம்முத்திரையை அளிப்பது போலிக்கமிலத்தின் வழிவந்த பொருளே.

இரண்டாவது, போலிக்கமிலத்தைப் போன்ற உருவுடைத்தாய் அதன் தொழிலைத் தடுக்கும் அமினொப்தெரின் முதலிய மருந்துகள். வெண்குருதிப் புற்றுநோயுற்ற 16 குழந்தைகளுக்குப் பொஸ்ரனிலே சிட்னி பார்பர் என்னும் மருத்துவர் அமினொப்தெரினை அளித்து, 10 பேரிடம் நோய் தற்காலிகமாகத் தணிந்ததை 1948 இல் அறிவித்தார். அதன் உடன்பிறப்பாகிய மெதொத்திரெக்சேற்று இன்றும் புற்றுநோய்க்கும் மூட்டுவாத நோய்க்கும் வழங்குகிறது.

மூன்றாவது, யானைக்கால் நோயைத் தரும் புழுக்களை ஒழிக்கும் டைஎதில்காபமசீன். இது 1947 இல் வெளிவந்தது. நம் இலங்கையிலே மேற்கு, தெற்கு, வடமேற்கு மாகாணங்களைப் பல தலைமுறை வருத்திய அந்நோய்க்கு 2002 முதல் 2006 வரை இம்மருந்தும் வேறொன்றும் மக்கள் எல்லார்க்கும் ஆண்டுதோறும் வழங்கப்பட்டன. பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையில் அந்நோய் இந்நாட்டில் ஒழிக்கப்பட்டதென உலக சுகாதார நிறுவனம் 2016 இல் ஏற்றுக்கொண்டது.

நான்காவது ஒரியோமைசின். டகர் என்னும் முதிய தாவரவியலறிஞர் மண்ணிலே கண்ட நுண்ணுயிர் ஒன்றினின்று பெறப்பட்டு, 1948 இல் உலகுக்கு அறிவிக்கப்பட்ட இம்மருந்து தெத்திராசைக்கிளின் குலத்துக்கு முதல்வன். இதன் தொழிலும் நாம் முன்னர்க் கூறிய துறையிலேயே நடைபெறுகிறது. நோய்செய் பற்றீரியாவின் இரைபோசோமிலே, ஆள் ஏறிய தோணி வந்து அணையும் இடத்தை இம்மருந்து அடைத்துக்கொள்ளும். தோணி அணைய இடமில்லை. மாலை கோக்க மணியில்லை. பற்றீரியா பெருகுதல் நின்றுபோகும். ஏற்றுகூலியாகிய ஏ.ரீ.பி.யைக் கண்டவர்தம் குழுவே தோணித்துறையை அடைக்கும் மருந்தையும் தந்தது. இவ்விரண்டுக்குமுள்ள தொடர்பு அவர் இறந்த பின்னரே உலகுக்கு விளங்கிற்று.

இனி, வாசகர் நினைவில் வைத்திருக்குமாறு நாம் வேண்டிய பெயருக்கு வருவோம். ஸ்புரு நோய்க்கு இன்று மருத்துவர் கொடுக்கும் மருந்துகள் இரண்டு. ஒன்று போலிக்கமிலம், மற்றொன்று தெத்திராசைக்கிளின். மருந்தின்றி இறந்த தமையனாரின் நோய்க்கு வேண்டிய இரண்டும் தம்பியின் ஆய்வுகூடத்திலிருந்தே வந்தன. இதனை எழுதுங்கால் எம் எழுதுகோல் சற்றுத் தாமதித்தது.

மறைவு

1948 ஆகஸ்ட் மாதத்தில் ஓரிரவு உறங்கச் சென்ற சுப்பாராவ் மறுநாட் காலை எழவில்லை. அவருக்கு வயது 53. ஒரியோமைசின் பற்றிய அறிவிப்பு வெளியாகிச் சில வாரங்களே ஆகியிருந்தன. அமெரிக்கக் குடியுரிமை பெறாதவராகவே அந்நாட்டில் வாழ்ந்து அந்நாட்டில் இறந்தார். அவர் நினைவாகப் பூஞ்சை இனமொன்றுக்கு 1953 இற் சுப்பரோமைசிஸ் எனப் பெயரிட்டனர். நூற்றாண்டு நிறைந்த 1995 இல் இந்திய அரசு முத்திரை வெளியிட்டது. ஆயினும் மருந்து உட்கொள்வாருள் அவர் பெயர் அறிந்தார் ஆயிரத்தில் ஒருவரும் இலர். கூட்டங்களில் முன்வரிசையில் அமராது, தம் உடன் உழைப்பாளரை முன்னிறுத்திய அவர் இயல்பும் அதற்கோர் காரணம்.

நாம் கற்றது

இவ்வரலாற்றைப் படித்தபின் எம் மனத்தை உறுத்திய ஒன்றைக் கூறாது விடுதல் முறையன்று.

பல ஆண்டுகளுக்கு முன் எம் வகுப்பில் மாணவன் ஒருவன் இருந்தான். க.பொ.த. சாதாரணதரப் பரீட்சையில் இருமுறை தவறினான். மூன்றாம் முறையும் எழுத விரும்பி விண்ணப்பப் பத்திரத்தோடு எம்மிடம் வந்தான். அன்று எமக்கிருந்த வேலை மிகுதியோ, சலிப்போ அறியோம்; படிப்பு அவனுக்கு வாராதென்றும் தொழிலைப் பார்ப்பதே நன்றென்றும் கூறினோம். அவன் பத்திரத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சென்றான். நெடுநாட்களின் பின் பாசிக்குடாக் கரையிலே, முழங்காலளவு நீரில் தோணியைத் தள்ளிவந்த ஒருவர் எம்மைக் கண்டு கும்பிட்டார், அவனே அவர். சினமொன்றும் காட்டாது, எம் வகுப்பிற் பயிலும் தம் தம்பி நன்றாகப் படிக்கிறானோ என்று மட்டுமே வினவினார். கடற்றொழில் தாழ்ந்ததென்பது எம் கருத்தன்று. கடலை நம்பியே இவ்வூர் வாழ்கிறது. அவர் வழியைத் தெரிந்திருக்க வேண்டியவர் அவரே. எம் வாய்ச்சொல் அன்று. திருவல்லிக்கேணிப் பாடசாலையார் அன்று எம்மைப்போற் கூறியிருப்பரேல் சுப்பாராவ் என்னாகியிருப்பார்?

ஏற்றுநொதியத்தின் தொழிலை அறிந்தபின் ஆசிரியத் தொழிலை எண்ணுங்கால் எமக்கு அச்சமே மிகுகிறது. தோணி புறப்பட்ட பின் எவரும் கேளார். நாம் மாணவன் உள்ளத்தில் ஏற்றிவிடும் சொல், சரியாயினும் பிழையாயினும், அவன் வாழ்விலே கோக்கப்பட்டுவிடும். ஆதலின் பிழையெனக் கண்டவிடத்து மீண்டும் எடுத்து, மீண்டும் முயன்று, அதற்குரிய கூலியைத் தயங்காது கொடுத்தல் வேண்டும். ஒரு நுண்ணிய நொதியம் செய்யும் இதனை ஆசிரியர் செய்யத் தவறுதல் ஆகாது.

அத்தம்பி இப்பொழுது எம் வகுப்பில் முன்வாங்கில் இருக்கிறான். கணிதத்தில் அவனும் சற்று மந்தனே. பாடசாலை முடிந்தபின் மாலைதோறும் அரைமணி நேரம் கணித ஆசிரியர் அவனோடு இருக்கிறார். தமிழை நாம் பார்த்துக்கொள்கிறோம். எத்தனை முறை எழுதவேண்டினும் எழுதட்டும்.

மாணாக்கர்காள், பரீட்சையில் ஒருமுறையோ இருமுறையோ தவறியவர் உங்களுள் இருப்பின், இக்கட்டுரை அவருக்காகவே எழுதப்பட்டதென அறிக. பழைய மாணவர்காள், நம் கல்லூரி நிறைவேற்றிய பணிகளை இவ்விழாவிற் போற்றுங்கால், கைவிட்ட பிள்ளைகளையும் ஒருகணம் எண்ணி, இனிமேல் ஒருவரையும் கைவிடாதிருக்கத் துணை செய்க. கல்லூரி வாழ்க, அதன் வாயிலில் மூன்றாம் முறையும் வந்து நிற்கும் பிள்ளை வாழ்க.